என் ஸ்கிரிப்டில் நான் எழுதாத பத்து வரிகள்

போன வருடம், பிள்ளைகள் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் மாதம். வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம் ஒரு பாடசாலையில் பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போடப் போயிருந்தேன். அதற்கென்றே நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று பென் டிரைவில் இருக்கும். செருகிவிட்டால் டிஸ்கை அழித்து, எல்லாவற்றையும் தானே போட்டு முடித்துவிடும். ஒரு கேள்வி கேட்காது. அதில்தான் எனக்குப் பெருமை.

அன்று முதல் கணினியிலேயே அது நின்றது. டிஸ்கில் உள்ள கோப்புகளைப் பட்டியல் போட்டுக் காட்டி, அழிப்பதென்றால் டிஸ்கின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொன்னது. திறந்து பார்த்தால், நான் எழுதாத பத்து வரிகள். எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. என்னைத் தவிர அதைத் தொடக்கூடியவர் ஒரே ஒருவர்தான், இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த காத்தான்குடிப் பெண். அதிகம் பேசமாட்டார். அடிக்கடி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று திரையைப் பார்த்துவிட்டுப் போவார். வேவு பார்த்திருக்கிறார், மேலிடத்தில் என்னை மட்டந்தட்டத்தான் இந்த வேலை என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த வரிகளை எடுத்துவிடலாம்தான். ஆனால் வேறு எங்கே என்ன செய்து வைத்திருக்கிறாரோ என்ற சந்தேகத்தில் தொடவில்லை. ஒவ்வொரு கணினியிலும் பெயரை அடித்து அடித்து, மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

கடைசியாகப் பாடசாலை அலுவலகக் கணினி. அதற்குள் இரண்டு டிஸ்க்.

"புள்ளயள்ட விவரமெல்லாம் ரெண்டாவது டிஸ்க்குக்கு மாத்திட்டன் சேர். மத்தத அழியுங்க, பயமில்ல" என்றார் அங்கே எழுத்து வேலை பார்க்கும் இலிகிதர்.

என் ஸ்கிரிப்ட் முதலில் தென்படும் டிஸ்கை அழிக்கும். அந்தக் கணினியோ இரண்டாவதைத்தான் முதலில் காட்டியது. பெயரை அடிக்க வேண்டியிருந்ததால் திரையைப் பார்த்தேன். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளின் பதிவுகள், அந்த வருடத்துப் பரீட்சை விண்ணப்பங்கள். வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். பெயரை அடிக்காமல் ஸ்கிரிப்டை நிறுத்தினேன்.

வெளியே வந்து அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ஸ்கிரிப்ட மாத்தினது நீங்களா தங்கச்சி?"

"ஓம் சேர். சொல்லத்தான் எத்தினையோ தரம் உங்கட மேசைக்கு வந்தன். நீங்க நிமிந்தே பாக்கல்ல."

"என்னத்துக்கு அதப் போட்டீங்க?"

"முந்தி வேல செஞ்ச இடத்தில நான் ஒருக்கா எல்லாத்தையும் அழிச்சுப் போட்டன் சேர். மறுகா அந்த ஆக்கள்ட முகத்தில முழிக்க ஏலாமப் போச்சு."

அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த நாள் காலையில்தான் கேட்டேன். இப்போதும் என் வேலையில் யாராவது கை வைத்தால் முதலில் வருவது சந்தேகந்தான், ஆனால் ஏன் செய்தீர்கள் என்று செய்தவரின் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் ஒரு வரியைக்கூட நான் நீக்குவதில்லை.