கரையில் தெரியாத பழுது

விஜயலக்ஷ்மிக்குக் கடல் என்றால் சங்குமுகம் கடற்கரையில் கால் நனைத்ததோடு சரி. ஆனால் தம்பானூரில் அவள் வேலை பார்த்த கம்பெனிக்குக் கப்பல் ரேடார்களைப் பழுதுபார்ப்பதுதான் தொழில்.

1998-இல் விழிஞ்ஞம் துறைமுகத்தில் நின்றிருந்த ஒரு மீன்வள ஆய்வுக் கப்பலுக்குக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் போய், பாகங்களை மாற்றிவிட்டு, "குறை ஒன்றுமில்லை" என்று திரும்பினார்கள். கடலுக்குப் போனதும் மறுபடி அதே புகார்: திரையில் மீன்பிடி வள்ளங்கள் புள்ளியாக இல்லாமல் தீற்றலாக இழுபட்டுத் தெரிகின்றன. இந்த முறை விஜயலக்ஷ்மியை அனுப்பினார்கள்.

கப்பல் துறைமுகத்தில் நின்றபோது திரையில் படம் பளிச்சென்று இருந்தது.

"ஓடறச்சே பார்க்கணும் சார். ஆனா எங்க ஆபீஸ்ல லேடீஸைக் கடலுக்கு அனுப்ப மாட்டா" என்றாள், கேப்டன் சுவாமிதாஸிடம். அவர் குளச்சல்காரர்.

"அதுக்கென்ன? உங்க மேனேஜர்கிட்ட நான் பேசுதேன். என் பொண்டாட்டியும் இந்தக் கப்பல்ல வந்திருக்கா, கேட்டோ. நீங்க வாருங்க."

மேனேஜர் சம்மதித்தார். அன்று மாலை கரமனை வீட்டில் கணவர் ராமசுப்ரமணியன், "தாராளமா போயிட்டு வா. எலுமிச்சம்பழம் எடுத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.

துறைமுக வாயைத் தாண்டியதுமே வாந்தி. எலுமிச்சம்பழம் எடுபடவில்லை. கேப்டன் சிரிக்கவில்லை. ரேடார் முன்னால் ஒரு நாற்காலியைக் கட்டச் சொல்லி, பக்கத்தில் வாளி வைத்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கப்பலின் முகம் இடமோ வலமோ திரும்பும்போதெல்லாம் ஒவ்வொரு வள்ளத்துக்கும் வால் முளைத்தது. முகம் நிலைத்ததும் வால் மறைந்தது. அப்படியானால் கப்பல் திரும்புவது திரைக்கு ஒழுங்காகத் தெரியவில்லை. திசைகாட்டியிலிருந்து வரும் கம்பியைத் தேடிப் பிடித்தாள். அதன் இணைப்பு உப்புக்காற்றில் கறுத்துப்போயிருந்தது. சுத்தம் செய்து முறுக்கினாள். வள்ளங்கள் புள்ளிகளாயின.

ஒரு புள்ளி மட்டும் மின்னி மறைந்தது.

"இதையும் சரியாக்கலாமா?" என்றார் கேப்டன்.

"முடியாது சார். கப்பல் சாயறச்சே மேல ஆன்டெனாவும் சாயறது. சின்ன வள்ளமா இருந்தா ஆன்டெனாவோட ஒரு சுத்துல தப்பிடும், அடுத்ததுல வரும். ஒரு சுத்தைப் பார்த்து நம்பிடாதீங்கோ."

அந்தப் புள்ளி நேர் எதிரே இருந்தது. கேப்டன் உடனே வேகத்தைக் குறைத்துக் கப்பலைத் திருப்பச் சொன்னார். மழைத்தூறலுக்குள்ளிருந்து ஒரு கட்டுமரம் வெளிப்பட்டது. அதில் இருந்த இருவரும் துடுப்பை ஓங்கி, மலையாளத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். விஜயலக்ஷ்மிக்குக் கண் நிறைந்துவிட்டது. திட்ட அவர்கள் இருந்தார்களே!

கரைக்கு வந்ததும் கேப்டன் மேனேஜரை ஃபோனில் அழைத்தார்: "இனி இந்த அம்மாவையே அனுப்புங்க."

அதற்குப் பிறகு அவள் எத்தனையோ கப்பல்களில் போனாள். யாராவது பாராட்டினால், "அவர் அன்னிக்கு 'வாருங்க'ன்னு சொல்லலைன்னா நான் கரையிலேயேதான் இருந்திருப்பேன்" என்பாள். கேப்டன் ஓய்வுபெற்ற பின்னும், கிறிஸ்துமஸுக்கு அவள் குளச்சலில் அவர் வீட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. பஸ் கூட்டத்தில் முறுக்கு டப்பாவை மடியில் வைத்து நொறுங்காமல் காத்துக்கொண்டு வருவது ராமசுப்ரமணியனின் பொறுப்பு.