அன்ஹெங்கர் என்ற சொல்

சண்முகலிங்கத்துக்கு ஜெர்மன் மொழியில் இருநூறு, முந்நூறு சொற்கள் தெரியும். ஒரேயொரு சொல்லுக்கு மட்டும் பாதி அர்த்தம்தான் தெரியும். அந்தப் பாதிதான் மனிதரின் மானத்தை வாங்கியது.

சுவிஸில் பாடன் நகரத்தில் ஒரு தளபாடப் பட்டறையில் பலகை அறுக்கும் வேலை அவருக்கு. எண்பத்து மூன்றின் கடைசியில் சுவிஸுக்கு வந்து அகதி விசாரணைக்குப் போயிருந்தபோது, மேசைக்கு அப்பால் இருந்த அதிகாரி "அன்ஹெங்கர், அன்ஹெங்கர்" என்று திரும்பத் திரும்ப எதையோ கேட்டார். மொழிபெயர்க்க வந்தவர், "நீங்கள் இயக்கத்தின்ரை ஆதரவாளரோ எண்டு கேக்கிறார்" என்றார். இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லியே சண்முகலிங்கத்தின் சட்டை நனைந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு அந்தச் சொல்லின் பொருள் ஒன்றே ஒன்றுதான். ஓம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவரைத் திருப்பி அனுப்பவில்லை. விசா கிடைத்தது, எல்லை தாண்டுவதற்கு அகதிகளின் பயணப் புத்தகமும் கிடைத்தது. பின்னால் வந்துசேர்ந்த மனைவி கலாவதிக்கு அந்தப் புத்தகம் இன்னும் வரவில்லை. மன்னாரிலிருந்து வந்து அவர்களோடு ஒரே வீட்டில் இருந்த பேர்சிக்கு எதுவுமே வரவில்லை. வழக்கு இரண்டு வருடமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. ஆனால் பேர்சி கெட்டிக்காரன். உணவகத்துச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டே ஜெர்மன் படித்துவிட்டான். கலாவதிக்குக் குழந்தை பிறந்து இறந்தபோது, வைத்தியர் சொன்னதை எல்லாம் தமிழில் மெதுவாக, ஒரு சொல்லும் காயப்படுத்தாமல் சொன்னவன் அவன்தான். சண்முகலிங்கம் அன்று அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எனக்குக் கூடப்பிறந்தவன்" என்று அழுதார்.

எண்பத்தேழு புரட்டாதியில் பட்டறை முதலாளி ஹூபருக்குக் கால் முறிந்தது. அவருடைய கரவன், காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப்போகும் குட்டி வீடு, மூன்று வருடமாக எல்லையில் இருக்கும் ஏரிக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியில் ஒரு முகாம் நிலத்தில் கிடந்தது. அதைக் கொண்டுவர அவர் கூப்பிட்டது சண்முகலிங்கத்தை. ஊரில் ட்ரக்டரும் அதன் பின்னால் இழுபடும் பெட்டியும் ஓட்டின மனிதருக்கு அது பெரிய காரியமா? அந்தக் கிழமை முழுக்க அவருடைய நடை ஒரு அங்குலம் உயர்ந்திருந்தது.

முதலாளியின் நீளக் காரில் மூவருமாகப் புறப்பட்டார்கள். கலாவதியும் பேர்சியும் எல்லைக்கு இந்தப் பக்கம் ஏரிக்கரையில் இறங்கிக்கொள்ள, சண்முகலிங்கம் தனியாகப் போய்க் கரவனைக் கொளுவிக்கொண்டு வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டார். ஜெர்மனியில் கரவன் ஓட என்னென்ன வேண்டும், சுவிஸில் என்னென்ன வேண்டும் என்று முதலாளி பாடம் எடுத்திருந்தார். பாவம், ஒன்றை அவரும் மறந்துபோனார். எண்பத்தைந்திலிருந்து சுவிஸ் நெடுஞ்சாலையில் ஏறும் வண்டிக்குப் பாதைவரி கட்டியதற்கான ஒட்டுத்தாள் ஒட்டவேண்டும். பின்னால் இழுபடுவதற்கும் தனியாக ஒன்று வேண்டும். அந்தப் பக்கம் அப்படி ஒரு சட்டம் இல்லை. கரவனோ சட்டம் வருவதற்கு முதலே அங்கே போனது.

வின்டர்தூருக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது பொலிஸ் மறித்தது. முன்னால் கலாவதி, பின்னால் பேர்சி. இளம் பொலிஸ்காரர் குனிந்து கண்ணாடியில் இருந்த ஒட்டுத்தாளைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார். பிறகு விரலைப் பின்பக்கம் நீட்டிக் கேட்டார்.

"உண்ட் டேர் அன்ஹெங்கர்?" அப்போ அந்த அன்ஹெங்கர்?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். விரல் நீண்ட திசையில் சண்முகலிங்கத்துக்குக் கரவன் தெரியவில்லை, பேர்சிதான் தெரிந்தான். பேர்சிக்கும் இயக்கத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு பொலிஸ்காரன் அப்படி எழுதிக்கொண்டால் பேர்சியின் வழக்கு அன்றோடு முடிந்தது என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்த அந்த மனிதர் சொன்னது இது.

"நான் இல்லை. அவன். அவன்தான் அன்ஹெங்கர்."

ஜெர்மனில்தான் சொன்னார். ஒரு இலக்கணப் பிழையும் இல்லாமல் வந்தது.

பொலிஸ்காரர் பேர்சியைப் பார்த்தார், கரவனைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார். பேர்சி முன்னால் சாய்ந்து, அமைதியாக ஏதோ விளக்கினான். அபராதத் துண்டு ஒன்றை எழுதிக் கொடுத்து, ஒட்டுத்தாளை அடுத்த பெற்றோல் நிலையத்தில் வாங்கி ஒட்டச் சொல்லிவிட்டுப் பொலிஸ் போனது.

"இஞ்சாருங்கோ, அவன் என்ன கேட்டவன்? நீங்கள் என்ன சொன்னியள்?" என்றாள் கலாவதி.

சண்முகலிங்கம் ரோட்டைப் பார்த்தார்.

"கரவனுக்கும் ஒட்டுத்தாள் வேணுமாம், அக்கா. இழுபடுற வண்டியையும் அன்ஹெங்கர் எண்டுதான் சொல்லுறது. அண்ணைக்கு அது விளங்கேல்லை. நான் சொல்லிப்போட்டன்" என்றான் பேர்சி.

அவன் கலாவதியிடம் காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பாடன் வரும்வரை பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவனுடைய முகம் தெரிந்துகொண்டேயிருந்தது. அதைத் திருப்பி வைக்கலாம் என்றால், அதற்குக் கை நீட்டுவதும் அவனுக்குத் தெரிந்துவிடும். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது அவருக்கு. வழி நெடுகச் சொல்லப்போவதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தார்.

முதலாளியின் முற்றத்தில் கரவனைக் கழற்றும்போதுதான் இருவரும் தனியாக நின்றார்கள். கலாவதி வெளியே படலையடியில் நின்றாள்.

"தம்பி, எனக்கு அந்தச் சொல்லு ஆதரவாளர் எண்டுதான் தெரியும். சத்தியமாய் வேறை ஒண்டும் தெரியாது" என்றார் சண்முகலிங்கம். அவரிடம் இருந்த ஒரே சாட்டு அதுதான்.

பேர்சிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஓம் அண்ணை, தெரியும். அப்பிடி நினைச்சுத்தானே என்னைக் காட்டினனீங்கள்" என்றான். பிறகு கையில் பட்ட கிறீஸைத் துடைத்துவிட்டு, கலாவதி நின்ற பக்கம் நடந்தான்.