ஜன்னலுக்குக் கீழே ஒரு நரி

முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவளைத் தெருவில் எல்லோரும் நர்ஸம்மா என்றே கூப்பிடுவார்கள். வயிற்றுப் புற்றுக்கட்டிக்கு அறுவை சிகிச்சை முடிந்து எலும்பும் தோலுமாய்க் கிடந்த தம்பியை அவள்தான் தன் வீட்டுப் பின்னறைக்குக் கூட்டிவந்தாள். அவன் லாரி ஓட்டியவன், ஒண்டிக்கட்டை. டாக்டர் ஒரு மாதம் கெடு கொடுத்திருந்தார். அதற்குள் எடை ஏறாவிட்டால் திரும்பச் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும்.

"அங்க மட்டும் திரும்ப அனுப்பிடாதக்கா" என்றான் தம்பி. வேறு எதுவும் அவன் கேட்கவில்லை.

நர்ஸம்மாவுக்கு ஒரு கொள்கை உண்டு. சாப்பிடுகிற நோயாளியின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. நின்றால் இறங்குகிற கவளமும் இறங்காது. அதனால் இரவு எட்டு மணிக்கு முட்டை, கோழித் துண்டு, மசித்த சோறு எல்லாம் வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள். பத்து மணிக்கு வந்து எடுத்தால் தட்டு துடைத்து வைத்தாற்போல் இருக்கும். நோட்டில் 'முழுவதும் உண்டார்' என்று எழுதுவாள். மூன்று வாரமாக அதே வரிதான். ஆனால் எடை நாற்பத்தாறு கிலோவிலிருந்து நாற்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. எடை மெஷினைச் சந்தேகப்பட்டுப் புதிதாக ஒன்று வாங்கினாள். அதுவும் நாற்பத்திரண்டுதான் காட்டியது.

அன்று இரவு ஒன்பதரைக்கு, காயப்போட்ட படுக்கை விரிப்பை எடுக்கக் கொல்லைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ஜன்னல் கம்பிக்கு நடுவே தம்பியின் கை நீண்டிருந்தது. விரல்களில் கோழித் துண்டு. கீழே ஒரு நரி, நாள்பட்ட வாடிக்கையாளர் மாதிரி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அவளைக் கண்டதும் வேலியோர இருட்டுக்குள் நழுவியது.

"எத்தனை நாளாடா இந்தக் கூத்து?"

"வந்த ரெண்டாம் நாள்லேர்ந்து. முதல்ல பயந்துச்சு. இப்ப லேட்டானா முறைக்குது."

"நர்ஸுக்கே தண்ணி காட்டிட்டியே!"

"ரெண்டு வாய்க்கு மேல உள்ள போகலக்கா. மிச்சம் வெச்சா நீ டாக்டருக்குப் போன் போடுவ."

"போடத்தான்டா போறேன்."

காலையில் போட்டாள். தன் தப்பையும் மறைக்கவில்லை. குழாய் போட்டால் இரண்டு மாதம் இழுக்கலாம், அவ்வளவுதான் என்றார் டாக்டர். குழாய் வேண்டுமா என்று தம்பியிடம் காலை, மதியம், மாலை என மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் வேண்டாம் என்றான். அதை நோட்டில் எழுதி, கீழே அவனிடம் கையெழுத்து வாங்கினாள். மூன்று வார 'முழுவதும் உண்டார்'களையும் ஒவ்வொன்றாக அடித்தாள்.

அதன்பின் தட்டில் இரண்டு வாய்தான் வைத்தாள், பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நரியின் பங்கை ஒன்பதரைக்கு அவளே கொல்லையில் வைத்துவிட்டு வந்து, அவன் பார்ப்பதற்காகத் தலையணையை உயர்த்திக் கொடுத்தாள்.

"லேட்டு பண்ணிட்ட. பாரு, உன்னையும் முறைக்குது" என்பான்.

இப்படிப் பத்தொன்பது நாள் போயிற்று. கடைசி இரண்டு நாள் அவன் கண் திறக்கவில்லை.

அடக்கம் முடிந்த இரவும் நரி வந்து ஜன்னலை அண்ணாந்து பார்த்தது. நர்ஸம்மா அப்போது மெத்தையின் ரெக்ஸின் உறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே எதுவும் வைக்கவில்லை. இனியும் வைத்தால், மனிதக் கையை நம்பிப் பழகிய நரி நாளைக்கு இன்னொரு ஜன்னலுக்குக் கீழே போய் உட்காரும். அங்கே கல்தான் விழும். விளக்கை அணைத்து ஜன்னலைச் சாத்தினாள்.

நரி நான்கு இரவு வந்தது. ஐந்தாம் இரவு வரவில்லை. பத்தரை வரை பார்த்துவிட்டு அவள் படுக்கப் போனாள்.