வழுக்கிய மீன்

அன்று ஆற்றங்கரையில் முதலாளி, அப்பா, பதினொரு வயதில் நான். அம்மா வரவில்லை, அவரும் அப்பாவும் வேலை பார்த்த வீட்டில் முதலாளியின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

இன்று இத்தாலியின் பலெர்மோ ஸ்டேஷனருகே ஒரு கடைக் கண்ணாடிக்குள் மீனை ஏமாற்ற இறகில் கட்டிய தூண்டில் ஈக்களைக் கண்டதும், மழையில் பெருகிய அந்த ஆற்றின் சேற்று மணம் மூக்கில் ஏறியது.

மார்புவரை ரப்பர் உடுப்புப் போட்ட முதலாளி, அரைநாள் நூலைச் சுழற்றி வீசி ஒரே ஒரு மீன் பிடித்தார். அதைக் கொஞ்சிப் படமெடுத்து, தண்ணீரில் விட்டார். இதற்குப் பெயர் விளையாட்டாம். மன்னார்க் கடலில் வளர்ந்த அப்பாவுக்கு, பிடித்த மீனை ஒருவர் வேண்டுமென்றே விடுவார் என்று தோன்றவேயில்லை.

"பாவம் மனுசன், வழுக்கிட்டுது. பிடிச்சுக் குடுத்திட்டு வாறன்" என்று, தோளில் தொங்கிய முதலாளியின் பையோடேயே வெள்ளத்தில் இறங்கி, மீனோடு ஏறினார்.

கரையில் காவலர் நின்றார். அங்கே மீனை எடுப்பது குற்றமாம். முதலாளி அவரிடம் இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னார்.

"என்னவாம் தம்பி?"

"உங்களைத் தெரியாதாம் அப்பா."

"அப்ப என்ரை தோளிலை கிடக்கிற இந்தப் பை ஆரின்ரையாம்?"

என் பள்ளிப் புத்தகங்களுக்கு வைத்திருந்த பணம் அபராதமாகப் போனது. இருநூறு யூரோ.