உள்ளே தங்கிய நஞ்சு

மகள் பிறந்து ஒரு வாரமாகியும் எனக்குப் பால் ஊறவில்லை. வீட்டில் அதுதான் பெரிய கவலை. எனக்கு ரத்தம் நிற்காமல் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கெட்ட ரத்தம் போனாத்தான் உடம்பு தேறும்" என்றார் மாமியார். என்மேல் உயிரையே வைத்திருப்பவர். சாமைக் கஞ்சியில் பூண்டு, கருவாட்டுக் குழம்பில் பூண்டு என்று வகைவகையாகப் போட்டார். எனக்கு எரிச்சலாக வரும். கறவை மாட்டைப் பார்ப்பதுபோல எல்லோரும் என் மார்பையே பார்த்தார்கள்.

ஒரு காலை எழுந்து நின்றதும் எலுமிச்சை அளவு ரத்தக்கட்டி விழுந்தது. துணியில் அழுகல் வாடை. குளிர் தூக்கிப் போட்டது. செத்துவிடுவேன் என்று தோன்றியது. குழந்தையைப் பார்க்கவே பயந்தேன்.

"பஸ்ஸு மத்தியானம்தான்" என்றார் கணவர்.

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே."

அவர் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ரத்தம் சூடாக இறங்கியது.

மலையடிவார மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "பால் வந்துச்சா?" என்பது. இவருமா என்று கோபம் வந்தது.

"வர்லீங்க. அதுக்கும் இதுக்கும் இன்னாங்க?"

"நஞ்சுக்கொடி உள்ள தங்கிட்டா பால் சொரக்காம போகலாம்மா. புள்ள இன்னும் வயித்துலதான் இருக்குதுன்னு உடம்பு நெனச்சிக்கும். நஞ்சு முழுசா வந்துச்சான்னு பாத்தீங்களா?"

"வூட்லயே பொறந்துடுச்சிங்க. உடனே பொதச்சிட்டோம்" என்றார் கூட வந்திருந்த மாமியார். எங்கள் வழக்கம் அது. குழந்தைக்கு உணவூட்டிய அந்தச் சதையைத் தாமதிக்காமல் மண்ணில் மூடிவிடுவோம். குறைந்திருந்தால் யாருக்குத் தெரியும்?

ஸ்கேனில் ஒரு துண்டு தெரிந்தது. சீழ் பிடித்திருந்தது. மயக்கம் கொடுத்துக் கருப்பையைச் சுத்தம் செய்ய வேண்டும். ரத்தம் நிற்காவிட்டால் கருப்பையையே எடுக்க நேரலாம் என்றார்கள். மாமியார் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கருப்பை தப்பியது. வேறொருவர் ரத்தம் ஏறியது. கிருமியைக் கொல்லும் ஊசிகள் போட்டார்கள்.

இதைப் படிக்கும் தாய்மார்களே, குறைந்த ரத்தம் மறுபடி கூடினாலோ, கட்டி விழுந்தாலோ, நாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ பொறுத்துப் பார்க்காதீர்கள். அது கெட்ட ரத்தம் அல்ல, உங்கள் ரத்தம்.

சில நாள் கழித்து, படுக்கையில் இடுப்புவரை ஈரம் இறங்கியிருந்தது. மறுபடி ரத்தம், முடிந்தது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மாமியார்தான் தொட்டுப் பார்த்தார். "பாலுடி" என்றார்.

மகள் இப்போது தவழ்கிறாள். வியர்த்தாலும், மழையில் நனைந்தாலும் என் கை முதலில் கீழே போகிறது. விரலைப் பார்த்த பிறகுதான் மூச்சு விடுகிறேன்.