உள்ளங்கைச் சூடு

ஹூஸ்டனில் என் நான்கு வயது மகளுக்கு இதய எம்.ஆர்.ஐ. எடுக்கப் போன அன்று, ஸ்கேன் அறையில் டெக்னீஷியனாக ஒரு தமிழ்ப் பெண்மணி இருந்தார். ஐம்பது வயதிருக்கும். உலோகம் கூடாத அறை என்பதால் கழுத்தில் தாலிச் சங்கிலி இல்லை, வெறும் மஞ்சள் கயிறு.

படம் தெளிவாக விழ, ரத்தத்தில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்ற வேண்டுமாம். அதில் ஒரு துளி உடம்பிலேயே தங்கிவிடலாம். ஏற்றாவிட்டால் இதயத்தில் தழும்பு ஏதும் இருந்தால் தெரியாமலே போகலாம். டாக்டர் இரண்டையும் பொறுமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முடிவெடுக்கத் தெரியவில்லை. சம்மதப் படிவத்தில் பேனா நகரவில்லை. அந்தப் பெண்மணியிடமே கேட்டேன்.

"உங்க பொண்ணா இருந்தா கான்ட்ராஸ்ட் போடச் சொல்வீங்களா, மேடம்?"

"நானும் இதே மாதிரி யார்கிட்டயாவது கேட்டுட்டு நின்னிருப்பேன், சார்."

இது போடு என்பதா, வேண்டாம் என்பதா? ஏனோ கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்தார்கள். அந்தப் பெண்மணி கான்ட்ராஸ்ட் இருந்த சிரிஞ்சை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"எதுக்கு மேடம் இது?"

"சில்லுனு ஏறுமே, பாவம். எல்லாக் குழந்தைக்கும் இப்படித்தான் பண்ணுவேன்."

மயக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு அந்தச் சில்லிப்பு தெரியாது. எனக்கே தெரிந்த விஷயம், அவருக்குத் தெரியாதா?