லாத்தா பாங்காக் போன கதை

என் ஓரகத்தி ஃபக்ருன்னிசாவைப் போல ஒரு சந்தேகப் பிராணியை ரங்கூனில் தேடினாலும் கிடைக்காது. மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரே வீடு, அவர் மாடியில், நாங்கள் கீழே. அவசரத்துக்குக் கொஞ்சம் உப்பு கேட்டால்கூட, "ஏன், உன் வூட்டு உப்பு என்னாச்சு?" என்று விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பார். மூத்தவர் என்பதால் வாய் நிறைய லாத்தா என்று கூப்பிடுவேன். வாய்க்குள் என்ன சொல்லிக்கொள்வேன் என்பது வேறு விஷயம்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. இங்கே ராத்திரி விருந்தாளி தங்கினால் வார்டு ஆபீஸில் சொல்லியாக வேண்டும். எண்பத்தெட்டுக் கலவரம் ஓய்ந்த சமயத்தில் லாத்தாவின் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரருடைய அண்ணன், ஒரு தடவை சொல்லாமல் விட்டுவிட்டார். தினம் கூட உட்கார்ந்து டீ குடித்தவனே போட்டுக்கொடுத்தான். கூட்டிப்போய் விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள், அடி ஒன்றும் விழவில்லை. ஆனால் மனுஷர் அதன்பிறகு தெருவில் இறங்கவே இல்லை. பயந்து பயந்தே மவுத்தாகிப் போனார். அன்றிலிருந்து லாத்தாவுக்கு, சிரித்துப் பேசுகிற ஆளெல்லாம் உளவாளிதான்.

தொண்ணூற்றாறில் அவருடைய ஒரே மகள் அப்ஸானாவுக்குத் தலைப்பிரசவம் வந்தது. கல்யாணமாகி பாங்காக்கில் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும், சரி. ஆனால் அவள் இங்கே வந்தால் பாஸ்போர்ட்டை ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும். அதைத் திரும்ப வாங்குவதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். அங்கேயோ மாமியார் இல்லை, கூடப் பிறந்தவள் இல்லை, பெண் துணை என்று ஒருத்தி கிடையாது. "புள்ள வலியில கத்தும்போது நான் அங்கே இருக்கணும்டீ" என்று லாத்தா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பாங்காக் போவது எப்படி என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர் காஜா மைதீன் காக்கா, ஊருக்கே அண்ணன். லத்தா பேட்டையில் துணிக்கடை, சரக்கெடுக்க அடிக்கடி போய்வருகிறவர். கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாவே யோசனை சொல்லுவார். அங்கேதான் லாத்தாவுக்கு உதைத்தது. காசும் வாங்காமல் ஒருத்தன் எதற்காக உதவி செய்கிறான்?

அவர் சொன்னது அத்தனையும் நல்ல யோசனை. திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்து எடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே விட மாட்டான். மகள் வீட்டு விலாசத்தைத் தாய்லாந்து எழுத்தில் எழுதி வாங்கி வையுங்கள். அதிகாரி கேட்டால் மகளைப் பார்க்க வந்தேன் என்று மட்டும் சொல்லுங்கள், கூடுதலாக ஒரு வார்த்தை வேண்டாம். யார் கொடுத்த பொட்டலத்தையும் தூக்காதீர்கள். பிரசவ லேகியத்தை இங்கிருந்து கொண்டுபோகாதீர்கள், கறுப்பாக உருண்டையாக இருப்பதைப் பார்த்து அபின் என்று பிடித்துக்கொள்ளப் போகிறான்.

"என் பையில லேகியம் இருக்கிறது அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று லாத்தா என்னைக் குடைந்தார். பிள்ளை பெறப்போகிற மகளிடம் வேறு எதைக் கொண்டுபோவீர்கள், புடலங்காயா என்றேன்.

விசாவுக்குத் தானே போய் வரிசையில் நின்றார். டிக்கெட்டுக்கு மட்டும் காக்காவை விட்டால் வழியில்லை. எங்கள் ஆட்களுக்கு இரண்டு பேர் உண்டு. வீட்டிலும் பள்ளிவாசலிலும் ஒரு பேர், அரசாங்கக் காகிதத்தில் ஒரு பர்மாப் பேர். காகிதப் பேரை யாரும் ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிய மாட்டோம். காக்கா பாஸ்போர்ட்டைக் கேட்டிருக்கிறார், இவர் கொடுக்கவில்லை. அதில் இருக்கிற பேரையாவது சொல்லுங்கள் என்றிருக்கிறார். ஃபக்ருன்னிசாதான், வேறென்ன என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் இந்த மகராசி. இதெல்லாம் எனக்கு மிங்கலாடோன் விமான நிலையத்தில்தான் தெரிந்தது.

அங்கே கவுண்டரில் இருந்த பெண் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இது வேறு ஆள், ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டாள். கெஞ்சினோம், அப்ஸானாவுக்கு நாள் நெருங்கிவிட்டது என்றோம். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் லாத்தாவைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

வழியனுப்ப வந்திருந்த காக்கா ஓடி வந்தார். அவர் வந்ததே லாத்தாவுக்குப் பிடிக்கவில்லை, யார் யார் போகிறார்கள் என்று எண்ணிச் சொல்ல வந்திருக்கிறானோ என்று காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இப்போது நேராகவே கேட்டார்: "நெனைச்சத முடிச்சிட்டீங்களா?"

காக்கா கோபப்படவில்லை. "இப்பவாச்சும் சொல்லுங்க லாத்தா. பாஸ்போர்ட்டுல என்ன பேரு?"

லாத்தா சுற்றுமுற்றும் பார்த்தார். முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, "கின் ஏ சீ" என்றார்.

காக்காவும் குரலைத் தாழ்த்தினார். "என் பேரு தீன் மாவுங். எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. நாளைக்கு நான் உங்களப் போட்டுக்குடுத்தா, நீங்க என்னையப் போட்டுக்குடுங்க."

டிக்கெட்டை வாங்கிக்கொண்டு டாக்ஸி பிடித்து ஊருக்குள் ஓடினார். யார் காலில் விழுந்தாரோ, பேரை மாற்றி மறுநாள் விமானத்தில் இடம் வாங்கிவிட்டார். லாத்தா ஏறிப் போனார்.

அப்ஸானாவுக்கு விமானம் தவறிய அன்று ராத்திரியே வலி கண்டுவிட்டது. லாத்தா போய்ச் சேரும்போது பிள்ளை பிறந்து துணியில் சுற்றிக் கிடந்தது. ஆண்பிள்ளை, இருவரும் நலம், அல்ஹம்துலில்லாஹ்.

நாற்பது நாள் கழித்துத் திரும்பி வந்தவர், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார். பேரன் யார் சாயல் என்று கேட்டேன். அவர் பிரசவ ராத்திரியைச் சொல்ல ஆரம்பித்தார்.

"ரஹீமா, கேளுடீ. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரிக்குத் துணைக்கு வந்த ஒரு தாய்லாந்துக்காரியாம். அவ கையப் புடிச்சிக்கிட்டுத்தான் என் புள்ள பெத்துருக்கா. பாஷை தெரியாது. நீ யாருன்னு அவளும் கேக்கல, இவளும் கேக்கல. விடியுறவரைக்கும் கைய விடலியாம்."